மேசை நடுவே ஒரு தாள்

சமூகக் கல்லூரி என்பது கதவைத் தட்டுகிற யாரையும் சேர்த்துக்கொள்ளும் இடம். யாரையும் சேர்த்துக்கொள்ளும் இடத்தில்தான் வெளியே அனுப்புவதற்கான விதிகள் அதிகம் இருக்கும் என்பது, அங்கே பதினோரு ஆண்டு வேலை பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது.

டோரீன் ஹப்லர் எங்களிடம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஊரின் தெற்கு ஓரத்தில் இருந்த ஃபிரிட்ஜ் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டு கதவுப் பிரிவில் வேலை செய்தவர். கடைசிப் பத்து ஆண்டு இரண்டாம் ஷிஃப்டுக்குத் தலைமை. அந்த வசந்தகாலத்தில் தொழிற்சாலையை மூடினார்கள். எந்திரங்களைக் கழற்றி மெக்சிகோவுக்கு அனுப்பவும் ஆள் தேவைப்பட்டது. டோரீன் அதற்கும் ஆறு வாரம் போய், தன் பிரிவைத் தன் கையாலேயே பெட்டி கட்டி அனுப்பினார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பெட்டி சரியாகக் கட்டப்பட்டதா என்ற கவலைதான் இருந்தது.

வேலை போனவர்கள் இரண்டு ஆண்டு படிக்க ஓஹையோ மாநில அரசு உதவியது. நிபந்தனை ஒன்றுதான்: ஒரு பாடத்தில் தோற்றாலும் உதவி நின்றுவிடும். டோரீன் குறி வைத்தது எந்திரக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ். நெடுஞ்சாலை ஓரம் பேட்டரித் தொழிற்சாலை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அந்தச் சான்றிதழ் இருப்பவர்களை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இத்தனை காலம் எந்திரம் சொன்னதைத் தான் கேட்டாயிற்று, இனித் தான் சொல்வதை எந்திரம் கேட்கட்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் அந்த வகுப்புக்குள் நுழைய, முதலில் ‘கணினி நிரலாக்க அறிமுகம்’ என்ற பாடத்தில் சி தரமாவது வாங்கியாக வேண்டும். பதினாறு வாரம். அதைத் தாண்டினால் வேலை உண்டு. தாண்டாவிட்டால் ஐம்பத்து மூன்று வயதில் அந்த ஊரில் என்ன உண்டோ அது.

எனக்கு நூலகத்தில் வேலை. கட்டுரை எழுதத் தெரியாதவர்களுக்கு உதவுவதற்கென்று ஒரு மேசை போட்டிருந்தார்கள், அதில் நான் உட்கார்ந்திருப்பேன். தமக்கு எழுதத் தெரியாது என்பது யாருக்கும் தெரியாததால் யாரும் வருவதில்லை. ஆகவே பக்கத்து மேசையைக் கவனிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. பக்கத்து மேசையில் டோரீன்.

நிரலாக்கப் பாடம் நடத்தியவர் கர்ட் லிண்ட்மன். மூன்று கல்லூரிகளில் பகுதிநேர ஆசிரியர். அவருடைய அலுவலகம் அவருடைய கார்தான். முதல் வகுப்பில் அவர் ஒரு நல்ல உண்மையைச் சொன்னாராம்: நிரல் எழுதுகிறவர்கள் யாரும் தனியாக எழுதுவதில்லை, பிறர் எழுதியதை எடுத்து, மாற்றி, ஒட்டவைப்பதுதான் இந்தத் தொழில் என்று. அதே வகுப்பின் கடைசியில் எட்டுப் பக்க விதித்தாள் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். நாலாம் பக்கத்தில், பிறர் நிரலை எடுப்பதும் தன் நிரலைப் பிறருக்குக் கொடுப்பதும் ஒரே குற்றம் என்று இருந்தது. அதன் அடியில் எழுபது மைல் தள்ளி இருக்கும் வேறொரு கல்லூரியின் பெயர் இருந்தது. பிறர் எழுதியதை எடுத்தால் தண்டனை என்று சொல்லும் பத்தியை லிண்ட்மன் பிறரிடமிருந்து எடுத்திருந்தார்.

வகுப்பில் இதைக் கவனித்தவர் டோரீன் ஒருவர்தான், ஏனென்றால் முழுவதும் படித்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் கல்லூரியின் பெயரைக் கோடு போட்டு அடித்து, மேலே எங்கள் கல்லூரியின் பெயரை எழுதி, திருத்தியதற்குச் சாட்சியாகப் பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டு, அதற்குப் பிறகே கையெழுத்திட்டார். தொழிற்சாலைப் படிவங்களில் அப்படித்தான் செய்வார்களாம். அதேபோலத் திருத்திய தன் பிரதியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லிச் சிரித்தார். அது என்னிடமே தங்கிவிட்டது.

தொழிற்சாலைப் பழக்கங்களில் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், நடந்ததெல்லாம் அதனால் நடந்தது. அங்கே ஒவ்வொரு எந்திர வரிசையிலும் பச்சை அட்டை போட்ட புத்தகம் ஒன்று சங்கிலியில் தொங்குமாம். ஷிஃப்டு முடித்துப் போகிறவர் அன்று என்ன கெட்டது, எதையெல்லாம் முயன்றார், எது பலித்தது என்று எழுதி, நேரமும் பெயரும் போட்டுவிட்டுத்தான் வெளியே போகலாம். ஒரு நாள் முதல் ஷிஃப்டுக்காரர் ஒருவர், மகனின் பேஸ்பால் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று எழுதாமல் போய்விட்டார். அன்று பாதுகாப்புத் தடுப்பின் சுவிட்ச் அடிக்கடி சிக்கியதால், தடுப்பு திறந்திருந்தாலும் எந்திரம் ஓடும்படி அதை ஒட்டுநாடாவால் கட்டியிருந்தார். அடுத்து வந்த மார்லிஸ் பெக், தடுப்பைத் திறந்தால் எந்திரம் நிற்கும் என்ற நம்பிக்கையில் கையை உள்ளே விட்டார். இரண்டு விரல் போயிற்று. மார்லிஸ் டோரீனின் நெருங்கிய தோழி.

அந்த ஆள் கெட்டவர் இல்லை என்று டோரீன் எப்போதும் சொல்வார். கெட்டிக்காரர், தன் கெட்டிக்காரத்தனத்தைத் தன்னோடு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார், அவ்வளவுதான். உலகத்தில் உள்ள பாவங்களில் டோரீன் முழுமனதாக நம்பியது அந்த ஒன்றைத்தான். தேவாலயத்துக்கு அவர் ஒழுங்காகப் போவதில்லை.

மூன்றாம் வாரத்தில் முப்பத்தொரு பேரில் பன்னிரண்டு பேர் வகுப்பை விட்டுவிட்டார்கள். டோரீனுக்கு மட்டும் பாடம் பிடித்துப்போயிற்று. படித்தவர்கள் கணினியை மூளை என்று நினைத்துக் குழம்புவார்கள். அவர் அதை மடத்தனமான ஒரு எந்திரம் என்று எடுத்துக்கொண்டார், குழப்பமே வரவில்லை. காலை ஏழு மணிக்கு நூலகம் திறக்கும்போது வாசலில் நிற்பார். வகுப்பு தொடங்குவதற்குள் அந்த வாரத்து வீட்டுப்பாடத்தை முடித்துவிடுவார். பிறகு ஒரு தாளில் தேதி, நேரம், எங்கே தப்பு வந்தது, என்ன செய்து பார்த்தார், எது சரியாயிற்று எல்லாம் எழுதி, அடியில் முழு நிரலையும் அழகான கையெழுத்தில் படியெடுத்து, பெயர் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் செருகி மேசை நடுவில் வைப்பார்.

அந்த மேசைக்கு இன்னும் இரண்டு பேர் வருவார்கள். கோல்ட்டன், பத்தொன்பது வயது, அப்பாவின் டயர் கடையில் பாதி நாள் வேலை. மிக்கேலாவுக்கு இருபத்திரண்டு வயது. முதியோர் இல்லத்தில் வேலை முடித்துவிட்டு, குழந்தைகள் காப்பகம் திறக்காத காலைகளில் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டே வருவாள்.

“இது நிக்கவே மாட்டேங்குது டோரீன், ஓடிக்கிட்டே இருக்கு” என்பான் கோல்ட்டன்.

“எப்ப நிக்கணும்னு யாருகிட்ட கண்ணு சொன்ன?”

“யாருகிட்டயும் சொல்லலயே.”

“அப்புறம் அது மேல என்ன தப்பு? நல்ல வேலக்காரன் மாதிரி செஞ்சுக்கிட்டேயிருக்கு. உன்ன மாதிரியா?”

மிக்கேலா சிரிப்பாள். கோல்ட்டன் நடுவில் இருக்கும் தாளை இழுத்துப் பார்ப்பான். முதலில் பார்ப்பான், பிறகு பார்த்து எழுதுவான், ஆறாவது வாரத்திலிருந்து பார்க்காமலே எழுதினான் என்று சொல்லலாம். போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவான்.

நிரலில் வரும் மதிப்புகளுக்கு நாமே பெயர் வைக்க வேண்டும். ஓடுவதை நிறுத்தச் சொல்லும் மதிப்புக்கு எல்லோரும் ‘நில்’ என்றோ ‘முடிந்தது’ என்றோ வைப்பார்கள். டோரீன் ‘மார்லிஸ்’ என்று வைத்தார். மார்லிஸ் உண்மையென்றால் எந்திரம் நிற்கும். ஏன் அந்தப் பெயர் என்று ஒருமுறை கேட்டேன்.

“நின்னிருக்க வேண்டிய எடம் அது, புரொபசர்.”

நான் பேராசிரியர் இல்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை. பேராசிரியர்களை யாரும் அங்கே அப்படிக் கூப்பிடாததால் எனக்கும் மறுக்க மனம் வரவில்லை.

பதினொன்றாம் வாரத்தில் துறையிலிருந்து கட்டளை வந்தது: எல்லா வகுப்புகளின் நிரல்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்குள் போட வேண்டும். லிண்ட்மனுக்கு அதில் ஆர்வமில்லை, நேரமும் இல்லை. ஆனால் போடாவிட்டால் அடுத்த பருவத்துக்கு வகுப்பு கிடைக்காது. போட்டார். நாலாவது வீட்டுப்பாடத்திலிருந்து எட்டாவது வரை, மூன்று மாணவர்களின் நிரல்கள் ஏறத்தாழ ஒன்றே என்று பதில் வந்தது. அறிக்கை தானாகவே மாணவர் நடத்தைக் குழுவுக்கும் போய்விட்டது. அவர் நினைத்தாலும் தடுக்க முடியாது. நினைத்தாரா என்று நான் கேட்கவில்லை. வாகன நிறுத்தத்தில், கார் ஜன்னலை நாலு விரல்கடை இறக்கி, டோரீனிடம் செய்தியைச் சொன்னார். மூன்றாம் கல்லூரிக்கு நேரமாகிவிட்டதாம்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் விடுமுறைக்கு அடுத்த திங்கட்கிழமை விசாரணை. தலைமை, டாக்டர் ஆர்லின் வெஸ்டால்: மாணவர் நலத்துக்குப் பொறுப்பான டீன், ஐம்பது வயது, உண்மையாகவே நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரோடு இரண்டு ஆசிரியர்கள். நடவடிக்கைக் குறிப்பு எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், காற்புள்ளி எங்கே வரும் என்று தெரிந்தவன் என்பதால். மேசையில் யாரோ விடுமுறைக்குச் செய்து வீட்டிலிருந்து கொண்டுவந்த பூசணிக்காய் இனிப்பு பாதி மிச்சமிருந்தது. எல்லோருக்கும் ஒரு துண்டு வைத்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும்.

முதலில் கோல்ட்டன் வந்தான். தானே எழுதியதாகச் சொன்னான். தாளைப் பார்த்திருக்கலாம், ஞாபகமில்லை. டீன் அவனுடைய நிரலை அவன் முன்னால் திருப்பி வைத்தார். மற்றப் பெயர்களையெல்லாம் மாற்றியிருந்தான், ஒன்றைத் தவிர.

“மார்லிஸ்னு ஒண்ணு இருக்கே. அது யாரு?”

கோல்ட்டன் கொஞ்சம் யோசித்தான். “என் அத்தை.”

“டோரீன் புரோகிராம்லயும் மார்லிஸ் இருக்காங்க.”

“இந்தப் பக்கம் நெறைய மார்லிஸ் உண்டு.”

“மிக்கேலா புரோகிராம்லயும் இருக்காங்க.”

“அப்ப அவளுக்கும் அத்தையா இருக்கும்” என்றான். ஆசிரியர்களில் ஒருவர் இனிப்புத் துண்டை வாயில் வைத்தபடி இருமினார். அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.

அடுத்து மிக்கேலா. அவள் பொய்யை அவ்வளவு அலங்கரிக்கவில்லை. மேசையில் ஒரு தாள் கிடந்தது, ஆசிரியர் கொடுத்த உதவித்தாள் என்று நினைத்தேன், யோசனைக்காகப் பார்த்தேன் என்றாள். தாளின் அடியில் டோரீனின் பெயர் இருந்ததே என்று டீன் கேட்கவில்லை. பேசும்போது மிக்கேலா இரண்டு முறை போனைப் பார்த்தாள். காப்பகத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. அவளுக்கு இந்தப் பாடம் போனால் என்னென்ன போகும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. பாராட்டவும் முடியவில்லை.

பிறகு என்னிடமே ஒரு கேள்வி வந்தது. அந்தத் தாளை நூலகத்தில் நான் பார்த்ததுண்டா? உண்டு, வாரா வாரம். பார்த்தும் ஏன் தெரிவிக்கவில்லை? படிக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றேன். அதையும் நானே குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசியாக டோரீன். தொழிற்சாலையில் இருபத்தைந்து ஆண்டு முடித்ததற்குக் கொடுத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், அதுதான் அவரிடம் இருந்ததில் நல்லது. டீன் அவர் பக்கம் ஒரு படிவத்தைத் தள்ளினார். நான் முன்பே பார்த்திருந்த படிவம்தான். விதியை அறியாமல் செய்தவர் அந்த ஐந்து வீட்டுப்பாடங்களைத் திரும்ப எழுதிக் கொடுத்தால் போதும். அறிந்தே தன் நிரலைக் கொடுத்தவர் பாடத்தில் தோற்றவராகக் கருதப்படுவார். அறியாமல் செய்ததற்கு ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு குறி போட்டால் போதும்.

“விதி உங்களுக்குச் சரியா புரியலன்னா, அந்தக் கட்டம் அதுக்குத்தான் இருக்கு டோரீன்” என்றார் டீன். பேனாவையும் மூடி கழற்றி வைத்தார்.

“படிச்சேனே. நாலாம் பக்கம். கையெழுத்துகூடப் போட்டிருக்கேன்.”

“படிச்சிருப்பீங்க. புரிஞ்சுதாங்கறதுதான் கேள்வி.”

“நல்லாப் புரிஞ்சுது.”

டீன் பேனாவைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், “அப்புறம் ஏன்?” என்றார்.

டோரீன் கேள்வியை நியாயமான கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

“ஃபாக்டரி சுவத்துல நாப்பது ரூலு ஒட்டியிருப்பாங்க. அதுல பாதிய அப்படியே செஞ்சா லைன் ஓடாது. மிச்சத்தச் செய்யலன்னா யாராவது சாவாங்க. எது எந்த வகைன்னு தெரிஞ்சவங்களத்தான் லீடரா போடுவாங்க. இது மொத வகைன்னு நெனச்சேன்.”

“தப்பா நெனச்சுட்டீங்க.”

“அப்படித்தான் தெரியுது.”

என் பையில் அந்த நாலாம் பக்கம் இருந்தது, அடித்துத் திருத்தப்பட்ட வேறு கல்லூரிப் பெயரோடு. அதை எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். பையின் மேல் கை வைத்ததை டோரீன் பார்த்துவிட்டார். வேண்டாம் என்று மிக லேசாகத் தலையசைத்தார். அதை மேசைமேல் வைத்தால் லிண்ட்மனுக்கு அடுத்த பருவம் இருக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எடுக்கவில்லை. நல்லவர்கள் கேட்டுக்கொண்டதற்காகக் கோழையாக இருப்பது மிகவும் சுலபம். பார்க்கிறவர்களுக்கு அது பண்பு போலவே தெரியும்.

டீன் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று சொல்லுங்கள், அதையாவது எழுதிக்கொள்கிறோம் என்றார். டோரீன் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பாதிவரை இறக்கி, மறுபடி ஏற்றினார்.

“கைக்கொழந்தையோட ஒரு பொண்ணு எதிர்ல உக்காந்து முழிச்சுக்கிட்டிருந்தா, திரும்பவும் செய்வேன்னுதான் நெனக்கறேன். இல்லன்னு எழுதிட்டு அப்புறம் செய்யறது நல்லாருக்காது.”

அதையும் எழுதினேன். கட்டம் காலியாகவே இருந்தது. மூன்று பேர் கொண்ட குழு ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தது. கோல்ட்டனுக்கும் மிக்கேலாவுக்கும் ‘கவனக்குறைவு’: ஐந்து வீட்டுப்பாடங்களைத் திரும்ப எழுத வேண்டும். டோரீனுக்கு எஃப், அதாவது தோல்வி. டீன் கை குலுக்கி, பூசணி இனிப்பின் மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். டோரீன் எடுத்துக்கொண்டார். வீணாக்குவானேன் என்றார்.

மார்லிஸ் பெக் கல்லூரிக்கு எதிரில் உள்ள பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நிற்பவர். மறுநாள் காலை காப்பி வாங்க நானும் டோரீனும் போனபோது, செய்தி எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

“ஒரு டிக்கு” என்றார் மார்லிஸ், இரண்டு விரல் இல்லாத கையால் காப்பிக் கோப்பையை மூடியபடியே. “ஒரே ஒரு டிக்கு போட உனக்குக் கை வரலயா? எட்டு வெரலு வச்சிக்கிட்டு நானே போட்டிருப்பேன்டி.”

“பொய் எழுதச் சொல்றியா?”

“பின்ன? காலேஜுக்கு எதுக்குப் போறாங்கன்னு நெனச்ச? எத எந்தக் கட்டத்துல போடணும்னு கத்துக்கத்தான்.”

“எனக்குப் புரியலன்னு எழுதச் சொன்னாங்க மார்லிஸ். எனக்குப் புரிஞ்ச ஒரே பாடம் அது.”

மார்லிஸ் என் பக்கம் திரும்பினார். “கேட்டீங்களா? மூணு பேரு என் பேர வச்சு எழுதியிருக்காங்க. ரெண்டு பேரு பாஸு. என்னத் தெரிஞ்சவ மட்டும் ஃபெயிலு.” பிறகு டோரீனிடம், “அந்தப் பையன் என்ன அத்தைன்னு சொன்னானாமே? கிறிஸ்துமஸுக்கு என்ன வாங்கித் தருவான்னு கேட்டுச் சொல்லு” என்றார். டோரீன் சிரித்தார். மார்லிஸ் சிரிக்கவில்லை. அடுத்த ஆளுக்குச் சில்லறை கொடுக்கத் திரும்பிவிட்டார்.

மாநில அலுவலகத்துக் கடிதம் பத்து நாளில் வந்தது. உதவி நிறுத்தப்பட்டது, மேல்முறையீடு செய்யலாம், மேல்முறையீட்டுக்குக் கல்லூரியின் ஒப்புதல் வேண்டும். கல்லூரியைக் கேட்டால், மாநில அலுவலகத்தின் ஒப்புதல் வந்த பிறகு பரிசீலிப்போம் என்றார்கள். டோரீன் இரண்டு கடிதங்களையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும், நிற்க வழியில்லை என்று சொன்னார். ஏதாவது எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அதுதான் என் வேலை. வேண்டாம் என்றார். ஜனவரியிலிருந்து மாவட்டச் சிறையின் சமையலறையில் ஆள் எடுக்கிறார்களாம், கேட்டு வைத்திருக்கிறாராம்.

தோற்ற மாணவர் பருவ முடிவுவரை வகுப்பில் உட்காரலாம் என்று விதி இருந்தது. யாரும் பயன்படுத்தியிராத விதி. டோரீன் பயன்படுத்தினார். மீதி மூன்று வாரமும் ஒரு நாள் தவறாமல் வந்தார், மதிப்பெண் இல்லாத வீட்டுப்பாடங்களைச் செய்தார். ஆனால் மேசை மாறிவிட்டது. ஜன்னல் ஓரத்தில் ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன மேசை ஒன்று உண்டு. அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தாள் எதுவும் நடுவில் வைக்கவில்லை. அந்த மேசைக்கு நடுவென்றும் ஒன்று இல்லை. எழுதியதை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, பையின் கொக்கியைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்.

மிக்கேலா அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். கோல்ட்டன் வந்தான். அவனிடம் வெட்கம் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. இறுதித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, திரும்ப எழுத வேண்டிய ஐந்தில் கடைசி வீட்டுப்பாடத்தோடு கணினியைத் தூக்கிக்கொண்டு நேராக ஜன்னல் ஓரம் போனான்.

“டோரீன், ஒரு நிமிஷம். அஞ்சு பேரக் குடுத்தா நாலு பேரத்தான் காட்டுது. ஒருத்தன் எங்கயோ காணாமப் போறான்.”

டோரீன் மூக்குக்கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழே வந்தார். ஓர் இடத்தில் அவர் கண் நின்றது. மூன்று மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான், அந்த நிற்பு எனக்குத் தெரியும். எதிரே இருப்பவரிடம் விரலை நீட்டுவதற்கு முன்னால் வரும் நிற்பு. விரல் நீளவில்லை.

“தெரியல கண்ணு.”

“இப்ப பாத்தீங்களே.”

“பாத்தேன். தெரியல.”

அவன் நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை. பழைய மேசைக்குப் போய் உட்கார்ந்தான். நாற்பது நிமிடம் அதையும் இதையும் மாற்றிப் பார்த்தான். ஒருமுறை ஆறு பேர் வந்தார்கள், பிறகு ஒருவரும் வரவில்லை. டோரீன் சுவரைப் பார்த்தபடி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார், அல்லது செய்வதுபோல இருந்தார். பேனா நகர்ந்ததாக எனக்கு நினைவில்லை. கோல்ட்டன் கணினியைச் சாத்திப் பையில் போட்டுக்கொண்டு, எங்கள் இருவருக்கும் பொதுவாக “வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு டோரீனிடம் போனேன். “கண்டுபிடிச்சிட்டீங்க இல்ல?”

“எட்டாவது வரி” என்றார். “ஒண்ணுலேருந்து எண்ணுறான். அது பூஜ்யத்துலேருந்து எண்ணும்.” சொல்லிவிட்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார். முகத்தில் வெற்றியும் இல்லை, கோபமும் இல்லை. ரொம்ப நேரம் நின்றவர் முகம்போல இருந்தது. “இத நான் கத்துக்கறதுக்கு அம்பத்து மூணு வருஷம் ஆச்சு, புரொபசர். எல்லாருக்கும் கஷ்டமான பாடம்னு ஒண்ணு இருக்கும். எனக்கு இது.”

எதைக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தேன். கோல்ட்டனின் வண்டிக் கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. அவன் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இறங்கிப் போக ஒரு நிமிடம் ஆகும். எட்டாவது வரி என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அதைக் கேட்டு அவன் தேர்ச்சி பெற்றுவிடுவான், அதனால் யாருக்கும் எந்தக் கேடும் இல்லை. ஆனால் விசாரணைக்குப் பிறகு நூலக ஊழியர்கள் எல்லோரிடமும், மாணவர்களின் வீட்டுப்பாடத்துக்கு விடை சொல்லக் கூடாது என்ற ஒரு புதுத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நான் அதை முழுவதும் படித்திருந்தேன். நல்லாப் புரிந்தும் இருந்தது.

அவன் கண்ணாடியைச் சுரண்டி முடித்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.